பல்லுப் பார்க்கிற ரோப்லேயும் மந்திரி வண்டியும்

புராவ் ஊரில் வந்து ரோப்லே வீடு எது என்று கேட்டால், எந்த ரோப்லே என்று திருப்பிக் கேட்பார்கள். எங்கள் தெருவிலேயே நான்கு ரோப்லே இருக்கிறார்கள். 'பல்லுப் பார்க்கிறவர்' என்று கேட்டால் வண்டிச் சந்தையில் டீ குடிக்கிற அத்தனை பேரும் ஒரே திசையில் கை காட்டுவார்கள். அந்த ரோப்லேதான் என் வீட்டுக்காரர்.

அவருடைய தகப்பனார் ஒட்டகச் சந்தையில் தரகர். ஒட்டகத்தின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்து வயதைச் சொல்லுவார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். என் வீட்டுக்காரர் அந்தப் புழுதியில் வளர்ந்துவிட்டு, பிழைப்புக்கு பெர்பெராத் துறைமுகத்துக்குப் போனார். கப்பலில் வந்து இறங்குகிற பெரிய வண்டிகளை ஷேக் கணவாய் ஏறி ஓட்டிவந்து புராவில் ஒப்படைக்கிற வேலை. அதில் இருபத்தாறு வருடம் போயிற்று. இடுப்பு விட்டுப்போன பிறகு, வாங்க வருகிறவர்களுக்கு வண்டி பார்த்துச் சொல்லுகிறவர் ஆனார். "வண்டிக்கும் பல் இருக்கு. வாய் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறதுதான் வேலை" என்பார்.

எங்கள் பக்கத்தில் பெரிய வண்டி என்றால் லேண்ட் குரூசர்தான். அதன் ஒவ்வொரு தலைமுறைக்கும் சந்தைக்காரர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். முதலில் வந்தது 'பெட்டி'. நாலு மூலையும் நாலு சதுரம். பின்னால் பன்னிரண்டு ஆடு ஏற்றலாம். ஏறி இறங்கினால் முதுகு மூன்று நாள் வலிக்கும். அதற்குப் பிறகு 'குண்டுப்பெண்'. மூலையெல்லாம் உருண்டு, சுருள் ஸ்பிரிங் வைத்து வந்தாள். என் வீட்டுக்காரருக்கு உயிர் அவள்மேல்தான். கணவாயில் மற்ற வண்டிகள் மூச்சு வாங்கும்போது இவள் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருப்பாளாம். அடுத்தது 'மாப்பிள்ளை'. மெத்தென்று போகும். எந்தக் கல்யாண ஊர்வலத்திலும் முன்னால் நின்றது அதுதான். எங்கள் மகள் ஹிபோவும் அதில்தான் போனாள். அதற்கு அப்புறம் 'மந்திரி'. அகலம், உயரம், உள்ளே குளுகுளு. தெருவில் வந்தால் கழுதை வண்டிக்காரன் தானாக ஒதுங்குவான். கடைசியாக வந்திருப்பது 'கைரேகை'. விரலை வைத்தால்தான் கிளம்பும். "முதலாளி மவுத்தாயிட்டா அவரோட சேத்து வண்டியையும் அடக்கம் பண்ணணுமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டபோது சந்தையே சிரித்தது.

எந்தத் தலைமுறை உசத்தி என்று யாராவது கேட்டால் அவர் பதில் சொல்லமாட்டார். "உனக்கு ஆடு இருக்கா, கல்யாணம் இருக்கா, பதவி இருக்கா? அதைச் சொல்லு முதல்ல" என்பார்.

அவரைப் பற்றிச் சொல்ல வந்தால் அந்த வியாழக்கிழமையைச் சொல்லாமல் முடியாது.

அதற்கு மூன்று மாதத்துக்கு முன்னால் பெர்பெரா சாலையில் அவாலே என்கிற மனிதரை ஒரு லாரி மோதிவிட்டது. நல்ல மனிதர், கிணறு வெட்டுகிறவர். அல்லாஹ் அவருக்குச் சுவனத்தைக் கொடுக்கட்டும். லாரி ஓட்டியவன் ஹாஜி எல்மியின் வம்சம். ஒரு ஆண் உயிருக்கு நூறு ஒட்டகம் என்பது எங்கள் முறை. கொடுத்தால் சமாதானம். கொடுக்காவிட்டால், இறந்தவரின் ஆட்கள் அந்த வம்சத்தில் எந்த ஆணின் உயிரையும் எடுக்கலாம். ஓட்டியவனின் உயிராகவே இருக்கவேண்டும் என்றில்லை. எங்கள் மருமகன் லிபான் அதே வம்சம்.

லிபான் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். தினமும் காலையில் எங்கள் வாசல் வழியாகப் போகும்போது இரண்டு தடவை ஹார்ன் அடிப்பார். எனக்கு அது சலாம் சொல்லுகிற மாதிரி. அவாலே இறந்த மறுநாளிலிருந்து அந்தச் சத்தம் நின்றுபோனது. தினம் ஒரு வழியாகப் போகிறார் என்று ஹிபோ சொன்னாள். அன்றிலிருந்து காலையில் அந்த நேரம் வந்தால் என் கை தானாக மாவுப் பாத்திரத்தில் நின்றுவிடும்.

வம்சத்துப் பெரியவர் ஹாஜி எல்மி அறுபது ஒட்டகம் கொடுத்துவிட்டார். மீதி நாற்பதுக்கு வழியில்லை, வறட்சி தின்றுவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு மந்திரி வண்டி தருகிறோம், வளைகுடாவிலிருந்து சொந்தக்காரர் மூலமாக வாங்கி வந்திருக்கிறோம், வெளிவந்து சில வருடம்தான் ஆகிறது, நாற்பதுக்குக் குறையாது என்று சொன்னார்கள். அவாலேயின் தம்பி சுகுல்லே ஒப்புக்கொண்டார். ஆனால் வண்டியின் மதிப்பை ஒருவர் பார்த்து, டாலரில் இல்லை, ஒட்டகத்தில் சொல்லவேண்டும் என்றார். யார் பார்ப்பது என்று பேச்சு வந்தபோது அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"என் மருமகன் அந்தப் பக்கம், சுகுல்லே. வேற ஆளைப் பாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"தெரிஞ்சுதான் வந்திருக்கேன். ஊருல நல்லா பொய் சொல்றவங்க நெறைய பேரு இருக்காங்க. நீங்க பொய் சொன்னா உங்க காது செவந்துடும். எனக்கு அது வசதி."

வெளியே போகும்போது என்னைப் பார்த்து, "அக்கா, வண்டியில சூது இருந்துச்சுன்னா நான் ஒட்டகம் கேக்கமாட்டேன். ஆளைக் கேப்பேன். அதையும் சொல்லி வச்சுடறேன்" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

வண்டி பார்க்கிறவருக்கு ஒரு முறை இருக்கிறது. பானட்டில் கையை வைத்து வல்லாஹி என்று சத்தியம் செய்யவேண்டும். அந்த நிமிடத்திலிருந்து, பஞ்சாயத்து கூடுகிற மரத்தடியில் எல்லோர் முன்னாலும் வாய் திறக்கிறவரைக்கும் அந்த வண்டியைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் பேசக்கூடாது. மனைவியிடமும் கூடாது. மரத்தடியில் சொன்ன சொல்லைப் பிறகு மாற்றவும் கூடாது.

வியாழன் காலையில் போனார். மதியத் தொழுகையான லுஹருக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பினார். வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார். முப்பத்தொரு வருடத்தில் அப்படி அவர் வந்ததில்லை. சோற்றையும் ஆட்டுக்கறியையும் வைத்தேன். வாழைப்பழத்தை உரித்துப் பக்கத்தில் வைத்தேன். பழத்தை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஹிபோ ஒரு தூக்கில் ஒட்டகப் பால் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். எங்களுக்குப் பால் தேவையில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"அப்பா, வண்டி நல்ல வண்டிதானே?"

"பாலை நெழல்ல வை. திரிஞ்சுடப்போகுது."

"சொல்லவேணாம் அப்பா. தலையை மட்டும் ஆட்டுங்க."

"ஹிபோ, உங்கப்பாவோட தலையும் சேர்ந்துதான் சத்தியம் பண்ணியிருக்கு" என்றார் அவர்.

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "அவர் இப்பல்லாம் லாரிக்குப் போறப்ப சட்டையை மாத்தி மாத்திப் போட்டுட்டுப் போறார், அம்மா. ஒரே கலர்ல தினம் போனா அடையாளம் தெரியுமாம்" என்றாள். நான் அவளை உள்ளே கூட்டிக்கொண்டுபோய்த் தண்ணீர் கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

லுஹருக்கு முன்னால் கைகால் கழுவி ஒளு செய்ய அவர் உட்கார்ந்தார். இடுப்பு வளையாது என்பதால் எப்போதும் நான்தான் தண்ணீர் ஊற்றுவேன். இடது கையை நீட்டினார். உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தது. பார்த்ததை மறக்காமல் இருக்கக் கையில் குறித்துக்கொள்வது அவர் பழக்கம். இரண்டு, இரண்டு சைபர், ஒன்பது.

நான் தண்ணீர் ஊற்றினேன். அவர் தேய்த்தார். மை கரைந்து விரல் இடுக்கு வழியாக ஓடியது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். அவர் சத்தியம் அப்படியே இருந்தது. ஆனாலும் எனக்குத் தெரிந்துபோனது. நாலு வருடத்து வண்டி என்று கொண்டுவந்தது பதினாலு வருடத்து வண்டி. யாரோ ஒரு பட்டறையில் பழைய மந்திரிக்குப் புது முகம் வைத்திருக்கிறார்கள். விளக்கு, பம்பர், பானட், ஸ்டியரிங் எல்லாம் புதிது. அப்படி முகம் மாற்றின வண்டிகள் துறைமுகத்தில் வந்து இறங்கும் என்று அவரே முன்பு சொல்லியிருக்கிறார்.

அன்று நான் தொழுத தொழுகையில் எத்தனை ரக்அத் என்று எனக்கே நினைவில்லை. யா அல்லாஹ், உண்மையைச் சொன்னால் என் மகளின் வீடு போகும். பொய் சொன்னால் இந்த மனிதர் உன் முன்னால் எப்படி நிற்பார்? எதைக் கேட்பது என்று தெரியாமல் கையை மட்டும் ஏந்திக்கொண்டிருந்தேன்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மரத்தடியில் கூடினார்கள். நானும் இன்னும் இரண்டு பெண்களும் இருபது அடி தள்ளி அடுப்பு மூட்டி டீ போட்டோம். ஏலக்காய் தட்டுகிற சாக்கில் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவர் பிஹி, ஊர்த்தலைவர். ஒரு பக்கம் சுகுல்லேயும் அவர் ஆட்களும். இன்னொரு பக்கம் ஹாஜி எல்மி, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, கைத்தடி. மந்திரி வண்டி வெயிலில் பளபளவென்று நின்றது. சற்றுத் தள்ளி ஹாஜியின் சொந்த வண்டி, ஒரு குண்டுப்பெண், இருபத்தெட்டு வருடமாக அவர் ஏறுகிறது.

"பாத்தீங்களா?" என்றார் பிஹி.

"பாத்தேன்."

"எத்தனை ஒட்டகம்?"

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "எண்ணிக்கை சொல்றதுக்கு முன்னால ஒரு வேலை இருக்கு. சுகுல்லே, நீ வந்து ஓட்டறவர் சீட்டுல உக்காரு. ஹாஜி, நீங்க கண்ணாடியை எடுத்துட்டு வாங்க."

"என்ன, ரெண்டு பேரையும் சேத்து போட்டோ புடிக்கப்போறாரா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கொஞ்சம் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

சுகுல்லே ஏறி உட்கார்ந்தார். ஹாஜி கதவுப் பக்கம் போய் நின்றார்.

"சீட் பெல்ட்டை இழு. இன்னும். இன்னும் இழு, அறுந்துடாது. அடிவரைக்கும் வரட்டும். அங்க ஒரு சின்னத் துணி தைச்சிருக்கும். முகத்தை மாத்தறவன் பெல்ட்டை மாத்தமாட்டான், அது அவனுக்கு ஞாபகம் வராது. ஹாஜி, அதுல என்ன வருஷம் போட்டிருக்குன்னு நீங்க படிங்க. நான் சொன்னா என் சொல்லாயிடும். நீங்க படிச்சா வண்டியோட சொல்லு."

ஹாஜி குனிந்து படித்தார். நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"ரெண்டாயிரத்து ஒன்பது" என்றார். அவ்வளவு பெரிய குரல்காரருக்கு அன்று காற்றுதான் வந்தது.

சுகுல்லேயின் ஆட்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள். "பத்து வருஷத்தை முழுங்கிட்டு வந்திருக்கான்!" என்று ஒருவன் கத்தினான். பிஹி கையைத் தூக்கினார், யாரும் பார்க்கவில்லை. என் கையில் இருந்த டீப் பாத்திரம் சாய்ந்து காலில் கொட்டியது. சூடு தெரியவில்லை. லிபான் இப்போது எந்தத் தெருவில் இருப்பார் என்று மட்டும்தான் மனதில் ஓடியது.

சுகுல்லே மட்டும் சீட்டிலிருந்து அசையவில்லை. பெல்ட்டைக் கையில் பிடித்தபடியே ஹாஜியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாஜி அந்த வெள்ளைக் கைலியோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"இது எங்க வீட்டுப் பொண்டுகள் கழுத்துல கெடந்ததைக் கழட்டிக் குடுத்து வாங்கினது, சுகுல்லே" என்றார். "அங்க வாங்கி அனுப்பின எங்க ஆள் ஏமாந்துட்டான். இல்ல, எங்களை ஏமாத்திட்டான். எதுன்னு எனக்கே தெரியல."

பிறகு சுகுல்லே இறங்கினார்.

"எந்திரிங்க ஹாஜி. கைலி அழுக்காகுது" என்றார். தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். "உக்காருங்கடா. திருடன் கண்ணாடியைத் துடைச்சுட்டு ரெண்டாவது தடவை படிக்கமாட்டான்."

ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். எல்லோரும் இல்லை. இரண்டு பேர் நின்றுகொண்டேதான் இருந்தார்கள்.

"இப்ப சொல்லுங்க, பல்லுப் பாக்கறவரே. எத்தனை?"

என் வீட்டுக்காரர் வண்டியைப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த அந்த இரண்டு பேரைப் பார்த்தார்.

"பதினாறு."

ஹாஜி இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் பிஹியின் மடியில் போட்டார். "என் குண்டுப்பெண்ணுக்கும் பல்லுப் பாக்கச் சொல்லுங்க." என் வீட்டுக்காரர் போய் அதன் பானட்டில் கை வைத்து சத்தியம் செய்தார். கதவைத் திறந்து மூடினார். அடியில் குனிய முடியாமல் கையை விட்டுத் தடவினார். அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அவளை அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். "எட்டு" என்றார். ஹாஜி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு வண்டியும் போக, நாற்பதில் மீதி பதினாறு ஒட்டகத்தையும் வரும் பெருமழைக்குள் கொடுப்பது என்று பேசி முடித்தார்கள். பிஹி ஃபாத்திஹா ஓதினார். நின்றுகொண்டிருந்த இரண்டு பேரும் கையை ஏந்தினதைப் பார்த்த பிறகுதான் என் கால் எரிந்தது. ஹாஜி எல்மி வீட்டுக்கு நடந்தே போனார். சுகுல்லே பாதித் தூரம்வரை கூட நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஹிபோ தகப்பனாரின் கையைப் பிடித்து அழுதாள். அவர் சிரிக்கவில்லை. சாப்பிட்டார், ஆனால் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி சாப்பிட்டார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அதிகாலை சுபுஹு தொழுதுவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்திருந்தார். டீ கொண்டுபோய் வைத்தேன்.

"தேகா, நேத்து நான் மனசுல போட்டு வச்சது பதினாலு."

எனக்கு உடனே புரியவில்லை.

"அந்த மந்திரிக்குப் பதினாலு ஒட்டகம்தான். சத்தியம் பண்ணிட்டு, அத்தனை பல்லையும் பாத்து, பதினாலுன்னு வச்சிருந்தேன். அந்த ரெண்டு பேரும் ஒக்காராம நின்னாங்க பாரு, வாயில பதினாறுன்னு வந்துடுச்சு. லிபான் நெனப்புல வந்துச்சோ, பயத்துல வந்துச்சோ. ரெண்டு ஒட்டகத்துக்குப் பொய் சொல்லிட்டேன். சுகுல்லேவுக்குச் சேரவேண்டியதுல ரெண்டு கொறஞ்சுபோச்சு."

"காது செவக்கலையே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"வெயில்ல யாருக்குத் தெரியும்?"

சொன்ன சொல்லை மாற்ற முடியாது. மாற்றினால் மரத்தடியில் பேசியது எல்லாம் கலையும். மாற்றாவிட்டால் அந்த இரண்டும் அவர் கழுத்தில் கிடக்கும். எங்களுக்கு மேய்ச்சலில் என் அண்ணனிடம் நாலு ஒட்டகம் இருந்தது, வயதான காலத்துக்கு என்று. அவர் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன், "ஹிபோ அப்பா, அன்பளிப்புக் கொடுக்கக்கூடாதுன்னு எந்த முறையும் இல்லையே."

அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினோம். நாலாம் நாள் அவர் இரண்டு பெட்டை ஒட்டகத்தைச் சுகுல்லேயின் வாசலில் கட்டிவிட்டு, "ரோப்லே வீட்டிலிருந்து அன்பளிப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. சுகுல்லே மடையர் இல்லை. வண்டிக்குப் பல்லுப் பார்த்தவர் தனக்கு எதற்கு ஒட்டகம் அனுப்புகிறார் என்று யோசிப்பார். யோசித்தால் கேட்பார். கேட்டால் மரத்தடி திரும்பவும் கூடும்.

எட்டாம் நாள் காலையில் எங்கள் வாசலில் ஒரு ஒட்டகம் கட்டியிருந்தது. நாங்கள் அனுப்பின இரண்டில் ஒன்று. கொண்டுவந்தவர் அதைக் கட்டின கையோடு போய்விட்டார். நான் பயந்து வெளியே வரவே இல்லை. என் வீட்டுக்காரர் போய் அதன் பக்கத்தில் நின்றார். வெகு நேரம் நின்றார். பிறகு அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறார் என்று நினைத்து ஓடினேன். சிரிக்கிறார்.

"அவனும் உள்ளுக்குள்ள ஒரு எண்ணிக்கை வச்சிருந்திருக்கான், தேகா" என்றார். "பதினஞ்சு."

அப்படியென்றால் இருவரில் யார் சரி என்று நான் கேட்டேன். அது அல்லாஹ்வுக்கும் அந்த சீட் பெல்ட்டுக்கும்தான் தெரியும் என்றார். உதட்டைத் தூக்கி ஒட்டகத்தின் பல்லைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

பெருமழை இன்னும் வரவில்லை. பதினாறு ஒட்டகம் இன்னும் பாக்கி நிற்கிறது. தினமும் காலையில் வானத்தைப் பார்ப்பேன், அப்புறம் மாவுப் பாத்திரத்தில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். லிபானின் தண்ணீர் லாரி இப்போது எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. இரண்டு தடவை ஹார்ன் அடிக்கிறார். இரண்டாவது சத்தம் கேட்கிறவரைக்கும் நான் கையை எடுப்பதில்லை.